பழைய வேட்டி கேட்ட குரல்

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க தம்பி, எனக்குக் காத்து ஆகாது. பை மடியிலேயே இருக்கட்டுங்க. கண்டக்டரும் சொன்னாரு, கட்டைப்பையை மேல வையுங்க பெரியவரேன்னு. இருக்கட்டும்னுட்டேன். மேல வெச்சா எவனாச்சும் தகரப்பெட்டியைக் கொண்டாந்து அது மேல போடுவான். உள்ள இருக்கறது கசங்கிப் போயிரும்.

திண்டுக்கல்லுங்களா? நானும் அங்கதான் போறேன். அப்பப் பேசிட்டே போயிரலாம். காதுல மாட்டியிருக்கறதை மட்டும் எடுத்துருங்க, தப்பா நினைச்சுக்காதீங்க. அதை மாட்டிட்டே இருந்தாக் காதுக்குள்ள என்னமோ ஆகுதுன்னு போன வாரம் பேப்பர்ல போட்டிருந்தான். என்ன ஆகுதுன்னு முழுசாப் படிக்க முடியல. பேக்கரிக்காரன் அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் பஜ்ஜி மடிச்சுட்டான்.

நமக்குப் பவானிங்க. ஈரோடு வந்து பஸ் மாறினேன். பேரு சென்னியப்பன். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல ஆபரேட்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். டிரங்க் கால் கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லையா? சரி, விடுங்க. வெளியூருக்குப் பேசணும்னா எங்கிட்டத்தான் சொல்லணும், நான் லைன் போட்டுக் குடுப்பேன், அவ்வளவுதான். அந்தப் பக்கம் ஒருத்தன் ஹலோன்னு சொன்னாப் போதும், என்ன வயசு, எந்த ஊரு, வீட்டுல சண்டையா சமாதானமா, எல்லாம் சொல்லிருவேன். ஒட்டுக் கேட்டதில்லைங்க. லைன் சரியா இருக்குதான்னு பாக்கறதுக்குக் காதை வெச்சிருக்கணும். அது டூட்டி.

நீங்க என்ன வேலையா இருக்கீங்க? கம்ப்யூட்டர் கம்பெனியா. அப்ப எனக்கு நடந்ததுல பாதி உங்களாலதான். சும்மா சொன்னேன், உக்காருங்க.

எங்க ஊரு பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல ஒரு பேக்கரி இருக்குதுங்க. காலையில டீக்கு நாங்க நாலஞ்சு பேரு அங்கதான். மத்தவனெல்லாம் பேப்பரை வாங்கினா அரசியல் பாப்பான், இல்லாட்டி எவன் செத்தான்னு பாப்பான். நான் நேரா அறிவியல் பக்கம். சத்தமாப் படிச்சு, கீழ என் கருத்தையும் சொல்லுவேன். அங்க என்னைச் சயின்டிஸ்ட்டுன்னுதான் கூப்பிடுவாங்க. நான் வர்றது தெரிஞ்சாலே சயின்டிஸ்ட்டு வந்துட்டாரு, பேப்பரை எடுத்து ஒளிச்சு வைங்கடான்னு குரல் குடுப்பாங்க. அவ்வளவு மரியாதை.

டிரைவர் இல்லாத கார் வந்திருச்சுன்னு ஒருநாள் போட்டிருந்தான். நான் சொன்னேன், எங்கூரு மேட்டூர் ரோட்டுக்கு வரட்டும் பாக்கலாம். குறுக்க ஒருத்தன் எருமையை ஓட்டிட்டு வந்தான்னா யாரு தலையை வெளிய நீட்டித் திட்டறது? கார் திட்டுமா? இன்னொரு நாள், முட்டை தீந்து போனா ஃப்ரிட்ஜே கடைக்காரனுக்குச் சொல்லிருமாம். அப்ப வீட்டுல பொம்பளை எதுக்குன்னு கேட்டேன். அது எப்படியோ என் வீட்டுக்காரி ருக்குமணி காதுக்குப் போயிருச்சு. அந்த வாரம் பூரா எனக்கு முட்டை கிடைக்கல. பாருங்க, ஒரு விஞ்ஞானக் கருத்தைச் சொல்ற சுதந்திரம் இல்லை.

அப்படித்தான் ஒருநாள் அந்தச் செய்தி வந்துச்சு. குரலை நகல் எடுக்கற செய்தி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், உங்க ஆளுங்க பண்ணினதுதானே. நாம பேசினதைக் கொஞ்சூண்டு மாதிரிக்கு எடுத்துட்டாப் போதுமாம், அப்புறம் மெஷின் நம்ம குரல்லயே பேசுமாம். எவனோ ஒரு ஊருல மகன் குரல்ல பேசி, ஆக்சிடெண்ட் ஆயிருச்சு, பணம் அனுப்புன்னு சொல்லியிருக்கான். அப்பன்காரன் அழுதுட்டே அனுப்பிட்டானாம். கூடவே போட்டிருந்தான், குடும்பத்துக்குள்ள ஒரு ரகசிய வார்த்தை வெச்சுக்கங்க, போன் வந்தா அதைக் கேளுங்கன்னு.

நான் அன்னைக்கே வீட்டுக்குப் போயி ருக்குமணியை உக்கார வெச்சுச் சொன்னேன். அவ காய் அரிஞ்சுட்டு இருந்தா. நாம ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கோம், யாரு யாரை ஏமாத்தறதுக்கு வார்த்தைன்னு கேட்டா. படிக்காதவங்க அப்படித்தான் கேப்பாங்க. நீயே ஒரு வார்த்தை சொல்லுன்னேன். முருங்கைக்காய்ன்னா. கையில அதுதான் இருந்துச்சு. சரின்னு அதையே வெச்சோம்.

ஒருநாள் கோயிலுக்குப் போனவ அங்கிருந்து போன் பண்ணினா. அடுப்புல பாலை வெச்சுட்டு வந்துட்டேன், போய் அணைங்கன்னா. நான் ரகசிய வார்த்தையைக் கேட்டேன். முதல்ல அடுப்பை அணைங்கன்னா. வார்த்தையைச் சொல்லு, அணைக்கறேன்னேன். அவளுக்கு மறந்து போச்சு. என்னென்னமோ காய் பேரெல்லாம் சொன்னா, சுரைக்காய் வரைக்கும் போனா. நான் எந்திரிக்கல. பாத்திரம் கரிஞ்சு போச்சு, வீடெல்லாம் புகை. இருந்தாலும் விதின்னா விதிதானுங்க. அன்னைலிருந்து அவ அந்த வார்த்தையை மறக்கவே இல்லை.

எங்களுக்கு ஒரே பொண்ணுங்க. வினோதினி. வினோன்னு கூப்பிடுவோம். கோயமுத்தூர்ல வேலைக்குப் போனா, அங்க கூட வேலை பாத்த பையனைக் கட்டிக்கிட்டா. பையன் திண்டுக்கல்காரன். பேரு லூர்துராஜ். பேரைச் சொன்னதும் உங்களுக்கு விஷயம் புரிஞ்சிருக்கும். நான் சாதி மதமெல்லாம் பாக்கறவன் இல்லைங்க. எக்ஸ்சேஞ்ச்ல எத்தனையோ பேருக்கு லைன் குடுத்திருக்கேன், யாரையாச்சும் நீ என்ன ஆளுன்னு கேட்டிருப்பனா? ஆனா வீடுன்னு வந்தா வேற.

நான் பையனைக் குத்தம் சொல்லல. பொண்ணையும் சொல்லல. எல்லாத்துக்கும் காரணம் செல்போன். யோசிச்சுப் பாருங்க, செல்போன் இல்லாட்டி அவன் பாட்டுக்கு அவன் ஊர்ல இருந்திருப்பான், இவ பாட்டுக்கு இவ. எங்க காலத்துல ஒருத்தன் ஒரு பொண்ணுகிட்டப் பேசணும்னா என்னைத் தாண்டித்தான் போகணும். சந்தேகமா இருந்தா லைன் பிஸின்னு சொல்லிருவேன். ஊருல எத்தனையோ குடும்பத்தை அப்படிக் காப்பாத்தியிருக்கேன். என் குடும்பத்துக்கு ஆபரேட்டர் இல்லாமப் போச்சு. அந்தப் போனை யாரு வாங்கிக் குடுத்தாங்கன்னு கேக்கறீங்களா? நான்தான். காலேஜ் விட்டு வர நேரமானாச் சொல்றதுக்கு.

ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முடிச்சுட்டு, சொல்றதுக்கு வீட்டுக்கு வந்தா. தனியாத்தான் வந்தா. வாசப்படியில வெச்சு ஒரு வார்த்தை சொன்னேன். கோவத்துல எந்த அப்பனும் சொல்றதுதான், புதுசா ஒண்ணும் இல்லை. அவ திரும்பிப் போயிட்டா. சொன்ன பேச்சைக் கேக்கற பொண்ணுங்க அது. அன்னைலிருந்து எனக்கு ஒரு போன் கூடப் பண்ணல.

அவ அம்மாகிட்டயும் பேசறதில்லை. அது எனக்கு நல்லாத் தெரியும். ருக்குமணி பாவம், மத்தியானம் ஆச்சுன்னா மொட்டை மாடிக்குப் போயி வத்தல் காயப்போட்டுட்டு, அங்கயே உக்காந்து செல்லுல எதையோ கேட்டுட்டு இருப்பா. மழைக்காலத்துல கூட வத்தல் போட்டா. வயசானா அப்படித்தான், நேரம் போகணும்ல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். கரூர் தாண்டிட்டமா? சரி. தண்ணி இருந்தாக் குடுங்க, ஒரு வாய் குடிச்சுக்கறேன்.

ஒருநாள் காலையில, பேக்கரிக்குப் போயிட்டு வந்து ஈசிசேர்ல உக்காந்திருக்கேன். போன் வந்துச்சு. தெரியாத நம்பர். எடுத்து, ஹலோ சொல்லாமக் காதுல வெச்சேன். நம்ம குரலை மாதிரிக்கு எடுத்துருவாங்கன்னு நான் ஹலோ சொல்றதை விட்டு ரொம்ப நாளாச்சுங்க. 

"அப்பா, நான் வினோ."

தம்பி, நான் ஒண்ணு சொல்றேன், அந்த மெஷினைப் பண்ணினவன் கெட்டிக்காரன். அச்சு அசல் அவளேதான். பேசறதுக்கு முன்னாடி ஒரு தடவை எச்சில் முழுங்குவா, சின்னப் புள்ளையில இருந்தே அப்படி. அதைக் கூட விடலைங்க. அடடா, விஞ்ஞானம் இவ்வளவு தூரம் வந்திருச்சேன்னு நினைச்சேன்.

ஆனா மெஷினுக்குக் குரல்தான் தெரியும், குடும்பம் தெரியாதுல்ல. அங்கதான் மாட்டுச்சு. எடுத்த எடுப்புல, சாப்பிட்டீங்களாப்பான்னு கேட்டுச்சு. முழங்கால் வலி எப்படி இருக்குதுன்னு கேட்டுச்சு. எம்பொண்ணு என்னைய ஒருநாளும் அப்படி விசாரிச்சதில்லைங்க. நானும் அவளை விசாரிச்சதில்லை. எங்க வீட்டுல அந்தப் பழக்கமே கிடையாது. அப்பவே எனக்குப் பொறி தட்டிருச்சு.

மேல பேச விட்டேன். மாசமா இருக்காளாம். கட்டுச்சோறு போடணுமாம். உங்க பக்கம் வளைகாப்புன்னு சொல்லுவீங்க. எங்க பக்கம் பொறந்த வீட்டுல இருந்து சோறு கட்டி எடுத்துட்டுப் போயி, வளையல் போட்டு, பிரசவத்துக்குக் கையோட கூட்டிட்டு வந்துருவோம். திண்டுக்கல்ல பையன் வீட்டுல வளையலெல்லாம் வாங்கி வெச்சுட்டாங்களாம். எங்கப்பா வந்து முதல் வளையல் வெக்காம நான் கையை நீட்ட மாட்டேன்னு இவ சொல்லிட்டாளாம். நீங்க வரணும்பான்னு சொல்லிட்டுக் கொஞ்சம் அழுதுச்சு. அழுகையும் பண்ணுமாம் தம்பி, பேப்பர்ல போட்டிருந்தான்.

இங்கதான் என் மூளை வேலை செஞ்சுது. முருங்கைக்காய் அவளுக்குத் தெரியாது, அது அவ போனதுக்கு அப்புறம் வெச்ச வார்த்தை. அதைக் கேட்டு அவ சொல்லாட்டி அது நியாயம் இல்லை. நான் எப்பவும் நியாயத்தைப் பாக்கறவன். அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்ச ஒண்ணைக் கேக்கணும். வாசப்படியில நான் சொன்னது ஞாபகம் வந்துச்சு. அப்ப வேற யாரும் இல்லை, ருக்குமணி கூட உள்ள அடுப்படியிலதான் இருந்தா. சரின்னு கேட்டேன்.

"நீ வினோதான்னா, நான் உங்கிட்டக் கடைசியாச் சொன்னது என்ன? அதை அப்படியே சொல்லு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லைங்க. லைன் கட்டாயிருச்சான்னு பாத்தேன், இல்லை, மூச்சு விடறது கேக்குது. பாத்தீங்களா, மெஷின் முழிக்குது. எம்பொண்ணுக்குத் தெரியாம இருக்குமா? மூணு சின்ன வாக்கியம். நீ எனக்குச் செத்தாச்சு. தலை முழுகிட்டேன். இனி உங்குரலே எங்காதுல விழக் கூடாது. இதைச் சொல்றதுக்கு என்ன கஷ்டம்? காதுல விழுந்த யாருக்கும் மறக்காதே.

அப்புறம் அது சொல்லுச்சு.

"அதை என் வாயால சொல்ல வெச்சிராதீங்கப்பா. வயித்துல புள்ளை இருக்குது."

நான் போனை வெச்சுட்டேன். பதில் தெரியாதவன் சாக்குச் சொல்லுவான், எக்ஸ்சேஞ்ச்ல எத்தனை பேரைப் பாத்திருக்கேன். அந்த நம்பரையும் தடுத்து வெச்சுட்டேன்.

அடுத்த நாள் பேக்கரியில எல்லாத்தையும் சொன்னேன். கேள்வியை எப்படிக் கண்டுபிடிச்சேன், அது எப்படி மாட்டுச்சுன்னு விவரமாச் சொன்னேன். அப்படி ஒரு அமைதியை அந்தப் பேக்கரியில நான் பாத்ததே இல்லைங்க. நாச்சிமுத்துன்னு எங்கூடச் சின்ன வயசுல இருந்து இருக்கறவன், எப்பவும் என்னைய மடக்கிட்டே இருப்பான், அவன் கூட அன்னைக்கு மடக்கல. எந்திரிச்சு என் தோள்ல கையை வெச்சான். கொஞ்ச நேரம் வெச்சிருந்துட்டுப் போயிட்டான். பாராட்டுன்னா வாயால சொன்னாத்தானா?

ருக்குமணிகிட்டயும் சொன்னேன். அவ பருப்புக் கடைஞ்சுட்டு இருந்தா. கேட்டுட்டு மத்தை அப்படியே வெச்சுட்டா. அவளும் பாராட்டுவான்னு பாத்தேன். என்ன கேள்வி கேட்டீங்கன்னு மட்டும் திரும்பக் கேட்டா. சொன்னேன். செல்லை எடுத்துட்டு மாடிக்குப் போயிட்டா.

மறுநாள் விடியறதுக்குள்ள எந்திரிச்சு அடுப்படியில புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறுன்னு கிளறிட்டு இருக்கா. தூக்குப்போசியில போட்டுக் கட்டறா. பீரோவுல இருந்து ஒரு பட்டுச்சேலை, ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கண்ணாடி வளையல். எங்க போறேன்னேன். அந்த மெஷினுக்கு வளையல் போட்டுட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் பையைத் தூக்கிட்டா. நான் விஞ்ஞானத்தை எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். கேக்கல. எனக்கு மதியத்துக்கு ஒரு பொட்டணம் புளிச்சோறு மட்டும் மூடி வெச்சிருந்தா. நல்லா இருந்துச்சு.

அவ திரும்பி வரலீங்க. முறைப்படி பொண்ணு இங்க வரணும். இங்க வர வழியில்லைன்னு ருக்குமணி அங்கயே தங்கிட்டா, பிரசவம் வரைக்கும். அதாவது அப்படித்தான் போன்ல சொன்னா. சொன்னது அவதானான்னு எனக்கு இன்னும் சந்தேகம். வார்த்தையைக் கேட்டேன். முருங்கைக்காய், முருங்கைக்காய், போதுமான்னு சொல்லிட்டுச் சிரிச்சா. அங்கதான் எனக்கு இடிச்சுது. என் வீட்டுக்காரி எங்கிட்டப் பேசும்போது அப்படிச் சிரிச்சு நான் கேட்டதில்லைங்க. பின்னாடி இன்னும் ரெண்டு மூணு பேரு சிரிக்கிற சத்தம் வேற. அது ருக்குமணி குரல்தான், ஆனா ருக்குமணியோட சிரிப்பு இல்லை. அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

சரி, ரெண்டு பேரோட குரலும் போயிருச்சுன்னா இது பெரிய கும்பல்னு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். ஒரு பொண்ணு உக்காந்திருந்துச்சு, நல்ல பொண்ணு, உக்காருங்கய்யான்னுச்சு. சைபர் மோசடின்னேன். உடனே நிமிந்து உக்காந்து எவ்வளவு போச்சுன்னு கேட்டுச்சு. ஒண்ணும் போகலைன்னேன். ஓடிபி கேட்டாங்களா? இல்லை. பேங்க் விவரம், ஏடிஎம் நம்பர்? அதுவும் இல்லை. பின்ன என்னதான் கேட்டாங்கய்யான்னுச்சு. கட்டுச்சோத்துக்குக் கூப்பிட்டாங்கன்னேன். பேனாவைக் கீழ வெச்சிருச்சு. போயிட்டு வாங்கய்யான்னுச்சு. ஸ்டேஷனை விட்டுப் போகச் சொல்லுதா, அங்க போகச் சொல்லுதான்னு எனக்கு விளங்கல. புகாரை எடுத்துக்கல, அவ்வளவுதான்.

அப்புறம் நான் பாட்டுக்கு உப்புமா கிண்டிட்டு இருந்தேன். உப்புமா எப்படிக் கிண்டறதுன்னு செல்லுல ஒரு அம்மா சொல்லிக் குடுக்குது. அந்த அம்மா நிஜமா மெஷினான்னு நான் பாக்கல. பசிக்கு அதெல்லாம் பாக்க முடியுங்களா? வீட்டுல சத்தமே இல்லை. சில நேரம் நானே முருங்கைக்காய்ன்னு சொல்லிப் பாப்பேன். சும்மா, குரல் சரியா இருக்குதான்னு.

முந்தாநாள் காலையில பேக்கரியில இருக்கேன், ருக்குமணி நம்பர்ல இருந்து போன். எல்லாரும் சாட்சியா இருக்கட்டும்னு ஸ்பீக்கர்ல போட்டு மேஜை மேல வெச்சேன். நான் கேக்கறதுக்கு முன்னாடியே, முருங்கைக்காய்ன்னு குரல் வந்துச்சு. கரகரன்னு இருந்துச்சு, தூக்கம் இல்லாதவ குரல். பொண்ணு பொறந்திருக்கு, ரெண்டு உசுரும் நல்லா இருக்குதுன்னா. அதுக்குப் பின்னாடி ஒரு அழுகை. வீல்னு. டீ மாஸ்டர் ஆத்தறதை நிறுத்திட்டான்.

அப்புறம் அந்தக் குரல் கேட்டுச்சு பாருங்க ஒண்ணு.

"புதுத்துணி உடம்புக்கு ஆகாது. அப்பச்சி வேட்டியிலதான் புள்ளையைப் போடணும்னு உங்க மக ஒத்தைக் கால்ல நிக்கறா. நல்லாப் பழசா ரெண்டு வேட்டி எடுத்துட்டு வாங்க."

அம்மாவைப் பெத்த அப்பனைப் புள்ளைங்க அப்பச்சின்னு கூப்பிடும் எங்க பக்கம். பொறந்த குழந்தையை அப்பச்சியோட பழைய வேட்டியில போடறது வழக்கம். வினோவைக் கூட அவ அப்பச்சி வேட்டியிலதான் போட்டாங்க. சரி, அது கிடக்கட்டும். நீங்க படிச்சவரு, நீங்க சொல்லுங்க. எந்தத் திருடனாச்சும் பழைய வேட்டி கேப்பானா? அதை வெச்சு அவன் என்ன பண்ணுவான்? பேங்க்ல போடுவானா? எவ்வளவு யோசிச்சும் எனக்குப் பிடிபடல.

நாச்சிமுத்து மெதுவாக் கேட்டான்.

"சயின்டிஸ்ட்டு, மாதிரி இருந்தாத்தானே நகல் எடுக்க முடியும்னு நீதானே சொன்னே? இந்த அழுகைக்கு மாதிரி எங்கிருந்து எடுத்தானுங்க?"

நல்ல கேள்விதான். அவன் வாழ்க்கையில கேட்ட ஒரே நல்ல கேள்வி அது. அப்பத்தான் பொறந்த குரலுக்கு மாதிரி ஏது? வினோ பொறந்தப்ப இப்படித்தான் அழுதா, வீல்னு ஆரம்பிச்சு நடுவுல ஒரு தடவை எச்சில் முழுங்கி மறுபடியும் அழுவா. ஆனா அப்ப யாரு அதை டேப்புல எடுத்து வெச்சா? நான் மட்டும்தான் கேட்டேன். பிரசவ ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னுட்டு நான்தான் கேட்டேன்.

இது ஒண்ணுக்குத்தான் என்னால பதில் சொல்ல முடியல. அதான் நேர்ல போய்ப் பாத்துரலாம்னு கிளம்பிட்டேன். ஒரு ஆராய்ச்சின்னு வெச்சுக்கங்களேன். மெஷினா இருந்தா ஒரு ஆதாரம் கிடைக்கும்ல.

பையில என்னன்னு அப்போல இருந்து பாக்கறீங்க. இதாங்க. மூணு வேட்டி. ரெண்டுதான் கேட்டாங்க, குழந்தைன்னா ஈரம் பண்ணிட்டே இருக்கும்ல. நேத்துப் பூரா இதே வேலை. பீரோவுல இருக்கறது எல்லாம் கரை வெச்சது, கஞ்சி போட்டது. கரை உறுத்தும். நான் வீட்டுல கட்டி நைஞ்சு போனதாப் பாத்து எடுத்து, சோப்பு வாசம் போற வரைக்கும் அலசினேன். கன்னத்துல வெச்சு வெச்சுப் பாத்தேன். இது போதும்னு தோணுச்சு. தொட்டுப் பாருங்க. கை சுத்தமா இருக்குதுங்களா? சரி, தொடுங்க.

மெஷினுக்கு எதுக்கு இவ்வளவு சிரத்தைன்னு நினைக்கறீங்க. எனக்குத் தெரியுது, நீங்க ஈரோட்டுல இருந்தே ஒரு மாதிரியாத்தான் பாக்கறீங்க. கேட்டதை முறையாச் செய்யணும், அவ்வளவுதானுங்க.

ஒண்ணு சொல்லட்டுங்களா? மெஷினா இருந்துட்டா நல்லதுங்க. போனேன், பாத்தேன், ஏமாந்தேன்னு பேக்கரியில சொல்லிச் சிரிச்சுக்கலாம். ருக்குமணியைக் கூட்டிட்டு ஊருக்கு வந்துரலாம். மெஷினா இல்லாட்டிதான் எனக்குப் பயமா இருக்குது. அப்ப அந்தக் கேள்வியை நான் யாருகிட்டக் கேட்டேன்?

நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். சும்மாதான் கேட்டேன்.

என் போனா அடிக்குது? அட, ஆமா. நம்பரைப் பாருங்க, கண்ணாடி பைக்குள்ள இருக்குது. ருக்குமணி நம்பர் இல்லையா? கடைசி எண்ணு என்ன? அதேதான். அது நான் தடுத்து வெச்சிருந்த நம்பரு. நேத்துத் துணி காயற நேரத்துல கை பட்டுத் தடுப்பு எடுபட்டுப் போயிருக்கும்.

நீங்க எடுங்க தம்பி. எனக்குக் காது சரியாக் கேக்காது பஸ்ஸுக்குள்ள. நீங்க கம்ப்யூட்டர் படிச்சவரு, நீங்களே கேட்டு மெஷினா மனுஷியான்னு சொல்லிருங்க. எடுங்க, கட்டாயிரப் போகுது.

என்ன சொல்லுது? எங்கப்பா எங்கன்னு கேக்கறாளா? பக்கத்துலதான் இருக்காருன்னு சொல்லுங்க. என்னது, சாப்பிட்டாரான்னா? பாத்தீங்களா, மறுபடியும் அதே கேள்வி. சாப்பிட்டேன்னு சொல்லுங்க. இல்லை, பொய் சொல்ல வேண்டாம், சாப்பிடலைன்னே சொல்லுங்க.

சோதிச்சுப் பாத்துரலாம் தம்பி. கேளுங்க. அப்பா உங்கிட்டக் கடைசியாச் சொன்னது என்னன்னு கேளுங்க.

வேண்டாம். இருங்க. கேக்காதீங்க. தம்பி, அதை மட்டும் கேக்காதீங்க.

பஸ்ஸு வேடசந்தூர் வந்திருச்சுன்னு சொல்லுங்க. வேட்டி கொண்டாறாருன்னு சொல்லுங்க. அலசினதுதான், கஞ்சியெல்லாம் இல்லைன்னு சொல்லுங்க.